டிபன் பாக்ஸின் அடியில் ஒட்டியிருந்த பொட்டு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருஷம் ஆகிறது. மூன்று தடவை நோட்டு வாங்கி வந்து உட்கார்ந்தேன். மூன்று தடவையும் முதல் பக்கத்தைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து எங்கே வரும் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. என் மகள் செய்த தப்பை எழுதும்போது பேனா நன்றாகவே ஓடியது. நான் செய்ததற்கு வரும்போதுதான் கை நின்றுபோனது. ஆண்டவர் முன்னால் எத்தனையோ முறை அழுது ஒப்புக்கொண்டதை மனுஷர் முன்னால் சொல்ல இத்தனை காலம் பிடித்திருக்கிறது. இப்போது மகளே "எழுதும்மா" என்று சொல்லிவிட்டாள். அவள் ஒரு நிபந்தனையும் போட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமம். என் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறார். தோட்டங்களில் தக்காளிப் பெட்டி ஏற்றிப் பாலக்கோடு மார்க்கெட்டில் இறக்குவது அவர் வேலை. எங்களுக்கு ஒரே மகள். அவள் மூன்று வயதில் காய்ச்சல் கண்டு பிழைக்க மாட்டாள் என்று ஆனபோது, ஊரில் இருந்த கிறிஸ்தவ சபையிலிருந்து நாலு பேர் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்றார்கள். பிள்ளை பிழைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் இரட்சிக்கப்பட்டு அந்தச் சபையில் சேர்ந்தோம். நான் பொட்டை அழித்தேன், பூ வைப்பதை விட்டேன், தாலியைத் தவிர நகை எல்லாவற்றையும் கழற்றினேன். எங்கள் சபை ஒழுங்கு அப்படி. எல்லாச் சபையிலும் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி வாதம் பண்ண இதை எழுதவில்லை.

அதற்குப் பிறகு என் அண்ணன் மகளுக்கு வயசுக்கு வந்த சீர் நடந்தது. நானும் ஒரு தட்டைத் தூக்கப் போனேன். என் அண்ணி தட்டைப் பிடித்துக்கொண்டு, "வெறும் நெத்தியோட சீர்த்தட்டு தூக்கக் கூடாதுங்க. நீங்க உக்காருங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அத்தனை சனத்துக்கு நடுவில் நான் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சபைதான் தாய்வீடு, சபைதான் அண்ணன் தம்பி. சபையில் நாலு பேர் என்னை நல்லவள் என்று சொன்னால் எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதில் ஒரு கண்ணி இருந்தது எனக்குத் தெரியவில்லை.

மகள் பத்தாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அங்கே எல்லாரும் தெரிந்த பிள்ளைகள். பதினொன்றாம் வகுப்புக்குத் தருமபுரி டவுனுக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். அந்த வருஷம் அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள். படிப்பு அதிகம் என்று நினைத்தேன். ஒரு நல்ல மாற்றமும் வந்தது. சாயங்காலம் வந்ததும் டிபன் பாக்ஸைத் தானே எடுத்துப் போய்க் கழுவி வைப்பாள். அதுவரை பையிலேயே போட்டு நாற வைக்கிற பிள்ளை அவள். நான் சும்மா இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, "என் மகளுக்குப் பொறுப்பைக் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று சொன்னேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தாழ்மை என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை அவளுக்கு உடம்பு சரியில்லை. வந்ததும் படுத்துவிட்டாள். நான் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவினேன். கவிழ்த்துத் தேய்க்கும்போது அடியில் நாருக்கு ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தால் சின்னதாக, அரக்குக் கலரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. நடுவில் ஒரு வெள்ளைக் கல்.

கை ஈரத்தோடு அப்படியே நின்றேன். எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பஸ்ஸில் போகும்போது வைத்துக்கொள்கிறாள். வரும்போது எடுத்து அடியில் ஒட்டிக்கொள்கிறாள். அதற்குத்தான் இந்தக் கழுவல்.

உள்ளே போய் அவளை எழுப்பி, "ஏன் கண்ணு இது?" என்று கேட்டிருக்கலாம். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் இரண்டும் செய்யவில்லை. பொட்டை அது இருந்த இடத்திலேயே மறுபடி அழுத்தி ஒட்டி, பாக்ஸைக் கவிழ்த்து வைத்தேன். சாட்சி சொன்னேனே என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. சபைக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பிள்ளை எதற்கு ஒளிக்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பெண்களுக்கு உபவாச ஜெபம். எங்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர் ஒரு அக்கா. நல்ல மனுஷி. யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் முதல் ஆளாகக் கஞ்சி கொண்டுபோவார். ஜெபக்குறிப்பு கேட்டு என் முறை வந்தபோது அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். அழுகையில் பொட்டு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. அத்தனை அழுதுவிட்டு வெறும் பொட்டு என்று எப்படிச் சொல்வது? சின்ன விஷயமாகப் போய்விடுமே. அதனால் ஜெபத்தில் பேசுகிற பெரிய வார்த்தைகளை எடுத்துக்கொண்டேன். "என் மகள் உலகத்தின் பின்னால போறா. எனக்குத் தெரியாம ஒரு காரியம் நடக்குது. சொல்ல வாய் கூசுது. அவளைக் கண்ணியிலிருந்து மீட்கணும்னு ஜெபியுங்க."

அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதையே நம்ம வாட்ஸ்அப் குரூப்ல வாய்ஸா போடு சிஸ்டர். இன்னிக்கி வராதவங்களும் ஜெபிக்கட்டும்" என்றார். போட்டேன். அழுதுகொண்டே, பேர் சொல்லி, "என் மகள், பதினொண்ணாவது படிக்கிறவள்" என்று சொல்லியே போட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், போட்ட பிறகு மனசு லேசானது. பாரத்தை இறக்கிவிட்டேன் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனால் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எப்போதும் பின்னால் உட்காருகிற என்னை அக்கா முன்பாயில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்தப் பிடிப்பும் அந்த இடமும் எனக்கு இனித்தன. அதே நேரத்தில் வாலிபப் பெண்கள் உட்கார்ந்த பாயில் என் மகளின் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். "ஏம்மா எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க?"

"ஒண்ணுமில்ல. நீ நல்லா ஜெபம் பண்ணு" என்றேன்.

ஜெபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே பொய் சொன்னேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் அவள் வரவில்லை.

சில நாள் அந்த பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்ததில் வருவாள். அரை மணி நேரம் ஸ்டாப்பிலேயே நின்றேன். அடுத்த பஸ் வந்தது. அவளோடு படிக்கிற இரண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி மற்றவளின் கையைக் கிள்ளினாள். "எங்க புள்ள வரலியா?" என்று கேட்டேன். "தெரியாதுங்க ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பேரும் ஓட்டமாக நடந்தார்கள். மகளிடம் போன் கிடையாது. என் வீட்டுக்காரர் அன்று ஓசூர் லோடுக்குப் போயிருந்தார். அவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஸ்டாப்புக்குப் பக்கத்துத் தெருதான் அக்கா வீடு. ஓடினேன்.

அக்கா கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தார்.

"புள்ள பஸ்ஸுல வரலீங்க அக்கா."

"ஐயோ ஆண்டவரே! எத்தன மணி பஸ்ஸு?"

"ரெண்டு பஸ்ஸும் போயிடுச்சுங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "இரு, அவசர ஜெபம்னு குரூப்ல போட்டுடறேன். பத்து நிமிசத்துல எல்லாரும் முழங்கால்ல நிப்பாங்க." டைப் பண்ணிக்கொண்டே கேட்டார். "அந்தப் பையன் வூட்டுல விசாரிச்சியா?"

"எந்தப் பையனுங்க?"

"அதான் சிஸ்டர், லாரி செட்டுல வேல செய்யறவன்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னாங்க?"

"பென்னாகரத்துச் சிஸ்டர் போன் பண்ணிச்சு. போன வாரமே ரெண்டு பேரும் கெளம்பப் பாத்தாங்க, நீங்க புடிச்சுட்டு வந்து வூட்ல அடைச்சு வெச்சீங்கன்னு..." என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நீதானே சொன்ன, வாய் கூசுதுன்னு?"

"நான் பொட்டச் சொன்னேன்க்கா."

"எந்தப் பொட்டு?"

"நெத்தியில வெக்கற பொட்டுங்க. டிபன் பாக்ஸு அடியில ஒட்டியிருந்துச்சு."

அக்கா கிரைண்டரை நிறுத்தினார். "பொட்டுக்கா சிஸ்டர் அப்படி அழுத?" என்றார்.

நான் காலியாக விட்ட இடத்தில் ஆளுக்கொன்று போட்டு நிரப்பியிருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நன்றாக ஜெபிக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொருவரும் கொஞ்சம் பாரம் கூட்டினார்கள்.

அக்காவின் விரல் போனில் நின்றது. "போடட்டுமா வேண்டாமா? நேரம் போவுது."

அந்த நிமிஷம் போல ஒரு நிமிஷம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. போட்டால், மகள் ஓடிப்போய்விட்டாள் என்று விடிவதற்குள் மூன்று சபைக்குத் தெரிந்துவிடும். அவள் எங்கிருந்து திரும்பி வந்தாலும் அந்தப் பேர் அவளை விடாது. போடாமல் இருந்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஜெபத்தைத் தடுத்த பாவி நான்தான். தேடுகிற நாலு கண்ணை மறைத்தவளும் நான்தான்.

"வேண்டாங்க அக்கா. நீங்க மட்டும் ஜெபம் பண்ணுங்க. யாருக்கும் சொல்லாம."

"ஜெபத்தையே வேண்டாங்கறியா?"

"ஜெபம் வேணுங்க. குரூப்பு வேண்டாம்."

அக்காவின் முகம் மாறிவிட்டது. போனைக் கீழே வைத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "எதிர்வூட்டு அம்மாவுக்கும் அந்த வாய்ஸ அனுப்பினேன். அவங்களுக்கும் வயசுக்கு வந்த புள்ள இருக்குது, ஜாக்கிரதையா இருக்கட்டும்னு" என்றார்.

அக்காவின் எதிர் வீட்டு அம்மாவுடைய மகள் என் மகளின் வகுப்பு. நான் செருப்பைக்கூடப் போடாமல் தெருவைக் கடந்தேன்.

அவர்கள் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. மாடு வைத்திருக்கிற, தோட்டம் இருக்கிற குடும்பம். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் நெற்றியில் அதே பொட்டு. அரக்குக் கலர், நடுவில் வெள்ளைக் கல்.

"என் புள்ள எங்கம்மா?"

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு அவள் அம்மா பால் கேனோடு வெளியே வந்தார். "ஏன்டி அழற? என்னாடி பண்ண?"

"நாங்க சும்மா வெளையாட்டுக்குத்தாம்மா..."

"என்னா வெளையாட்டு?"

விஷயம் துண்டு துண்டாக வந்தது. அம்மாவின் போனை ஒளித்து எடுத்துப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் தோழிகள் செட்டு ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தபோது, "அல்லேலூயா, உங்கம்மா உனக்காக அழுவறாங்க பாரு" என்று சொல்லி என் குரலைப் போட்டிருக்கிறாள். ஸ்பீக்கரில். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கேட்கிறபடி.

"அவ என்னா பண்ணா?"

"முழுசாக் கேட்டா. அப்புறம் அவ நெத்தியில இருந்த பொட்ட எடுத்து என் உள்ளங்கையில ஒட்டிட்டு, பாலக்கோடு பஸ்ஸுல ஏறிட்டா. நான் கூப்புட்டேங்க. திரும்பியே பாக்கல."

அவள் அம்மா கையை ஓங்கினார். நான் குறுக்கே நின்றேன். அந்தப் பெண் விசும்பிக்கொண்டே ஒன்று சொன்னாள். "அவள அடிச்சுடாதீங்க ஆன்ட்டி. பொட்டு நான்தான் குடுத்தேன். வெச்சா அவ அழகா இருப்பா, அதான்."

பாலக்கோடு என்றதும் அப்பாவிடம் போயிருக்கிறாள் என்று புரிந்தது. ஆனால் அப்பா அன்று அங்கே இல்லை. அது அவளுக்குத் தெரியாது. மார்க்கெட்டில் அந்நேரத்தில் லாரிக்காரர்களும் லோடு ஏற்றுகிற ஆட்களும்தான் இருப்பார்கள். பதினாறு வயசுப் பிள்ளை யூனிஃபார்மோடு அங்கே நிற்பாள். இல்லை, அப்பாவைக் காணோம் என்று வேறு எங்காவது போயிருந்தால்?

அந்த அம்மா பால் கேனை வைத்துவிட்டு ஸ்கூட்டியை வெளியே தள்ளினார். "ஏறுங்க. மாட்ட அப்புறம் பாத்துக்கலாம்."

வழியெல்லாம் நான் வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே வந்தேன். பெரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. "கொடுத்துடுங்க ஆண்டவரே, கொடுத்துடுங்க" என்பது மட்டும்தான். அந்த அம்மா காற்றில் கத்திக்கொண்டே வந்தார். "நான் அந்த வாய்ஸக் கேக்கவே இல்லீங்க. கேக்காமலே வெச்சிருந்தேன். அடுத்தவங்க வூட்டு அழுவைய நான் எதுக்குக் கேக்கணும்? அழிச்சிருக்கணும், மறந்துட்டேன். இந்தக் கழுத எடுத்துக் கேட்டிருக்குது." கொஞ்ச தூரம் போய், "உங்க புள்ள நல்ல புள்ளங்க. எங்க வூட்ல தண்ணி குடிச்சா சொம்பக் கழுவித்தான் வெக்கும்" என்றார். கழுவி வைப்பது என்றதும் எனக்கு அந்த டிபன் பாக்ஸ்தான் கண்ணில் வந்தது.

தருமபுரி தாண்டினதும் என் வீட்டுக்காரர் திரும்பப் போன் அடித்தார். ஸ்கூட்டியை ஓரம் கட்டினோம். எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, ஜெபக்குறிப்பு, வாய்ஸ், எல்லாம்.

"ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கற. எங்கிட்டச் சொல்லலியே" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. "கிருஷ்ணகிரி தாண்டிட்டேன். வரேன். நீ போ."

பாலக்கோடு மார்க்கெட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். ராத்திரி வண்டிக்குத் தக்காளி ஏற்றுகிற நேரம். பெட்டிகளுக்கு நடுவே ஓடினேன். அழுகிய தக்காளி காலில் வழுக்கியது. எதிர்ப்பட்டவரை எல்லாம் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு ஆள், "பஸ் ஸ்டாண்டுல ஒரு புள்ள நின்னுச்சே" என்று சொல்ல, வெளியே ஓடப் போனேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏம்மா, மினி லாரிக்காரரு சம்சாரமா? இங்க வாங்க."

பழம் தரம் பிரிக்கிற பெண்கள் ஒரு மூலையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் என் மகள். யூனிஃபார்ம் மேலே யாருடைய பழைய சட்டையோ போட்டிருந்தாள். பெரியது ஒரு பெட்டி, சின்னது ஒரு பெட்டி, வெடித்தது ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைக் கூப்பிட்ட பெண் சொன்னார். "அப்பனத் தேடிக்கிட்டு வந்துச்சு. வரட்டும், அதுவரைக்கும் எங்ககூட உக்காருன்னோம். யாருன்னுகூட நாங்க கேக்கல. மொகத்தப் பாத்தாலே தெரியுதே."

கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் கையில் தக்காளியோடு பின்னால் நகர்ந்தாள்.

"என்னைப் பத்தி ஆண்டவர்கிட்டச் சொன்னது சரிம்மா. எதுக்கு அவங்ககிட்டச் சொன்ன?"

ஸ்கூட்டியில் கூட்டி வந்த அம்மா தரம் பிரிக்கிற பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டார், எங்களுக்கு இடம் விட்டு.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லம்மா."

"கேட்டிருக்கணும் கண்ணு. தப்பு என் மேலதான்."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை போல. பிறகு கொட்டிவிட்டாள். பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் மாதமே அவளுக்கு அல்லேலூயா என்று பேர் வைத்துவிட்டார்களாம். "எழவு வூட்டுக்குப் போறியாடி?" என்று நெற்றியைப் பார்த்துக் கேட்பார்களாம். குரூப் போட்டோ எடுக்கும்போது, "நீ ஓரமா நில்லு, உன்னால போட்டோவே சோகமா இருக்குது" என்றார்களாம். ஓரத்தில் நின்றிருக்கிறாள். கேட்டதும் எனக்கு என் அண்ணி பிடித்த சீர்த்தட்டு ஞாபகம் வந்தது. அவள் நின்ற ஓரம் எனக்குத் தெரிந்த ஓரம். அதே சுவரோரம். அது தெரிந்த நானே அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பொட்டு வெச்சதும் சேத்துக்கிட்டாங்களா?"

"சேத்துக்கிட்டாங்க. ஆனா அது பத்தல." தக்காளியைக் கீழே வைத்தாள். "உங்க சர்ச்சுல எப்படி ஜெபம் பண்ணுவாங்க, செஞ்சு காட்டுன்னாங்க. நான்..." அழுகையில் வார்த்தை நின்றது. "நான் உன்ன மாதிரி செஞ்சு காட்டினேம்மா. நீ அழுது அழுது ஜெபிப்பியே, அது மாதிரி. கண்ண மூடிக்கிட்டு, கைய ஆட்டிக்கிட்டு. எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க. அன்னிலருந்து டெய்லி செய்யச் சொல்லுவாங்க. டெய்லி செஞ்சேன். இன்னிக்கி நீ நெஜமாவே அழுத. என் பேரச் சொல்லி அழுத. அவங்க அதுக்கும் அதே மாதிரிதான் சிரிச்சாங்க."

ஆண்டவரைப் பிடித்துக்கொண்டுபோன ராத்திரியில் நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே, அவரை எனக்குத் தெரியாது என்று சொன்ன சீஷனைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நான் அந்தச் சீஷன் மேல் பரிதாபப்பட்டிருக்கிறேன். அது நானாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை. குளிருக்கு நெருப்பு வேண்டியிருக்கிறது. சுற்றி இருக்கிறவர்கள் இடம் விட வேண்டியிருக்கிறது. இடத்துக்காக என் மகள் என்னைக் கொடுத்தாள். முன்பாயில் ஓரிடத்துக்காக நான் அவளைக் கொடுத்தேன். அவளாவது வாய்விட்டுச் சொல்லி அழுதுவிட்டாள்.

நானும் சொன்னேன். சாட்சி சொன்னது, பொட்டைத் திரும்ப ஒட்டி வைத்தது, ஞாயிற்றுக்கிழமை முன்பாயில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டது, எல்லாம். தக்காளி நாற்றத்துக்கு நடுவில் இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து அழுதோம். அவள் அப்பா வந்து சேர்ந்தபோது அந்தப் பெண்கள் எங்கள் இரண்டு பேர் கையிலும் டீ கொடுத்திருந்தார்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் தெளிவாகச் சொன்னாள். "பள்ளிக்கூடத்துக்குப் போறேன். சபைக்கு வரமாட்டேன். என்னைப் பாத்தா அவங்க கண்ணுக்கு லாரிக்காரப் பையன்தான் தெரிவான்."

ஓடிப்போன பேரை என் பிள்ளை மேலிருந்து எடுக்க ஒரே வழிதான் இருந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சபையை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பிறந்த வீட்டில் ஏற்கெனவே சுவரோரம். இங்கேயும் அப்படி ஆகிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை அவள் எங்களோடு நடந்து வந்தாள். உள்ளே வரவில்லை. செருப்பு விடுகிற இடத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள். சாட்சி நேரம் வந்தது. எழுந்தேன். வழக்கமாக ஆரம்பிக்கிற வார்த்தைகளால் ஆரம்பிக்கவில்லை.

"நான் போன வாரம் ஒரு ஜெபக்குறிப்பு கொடுத்தேன். நான் பார்த்தது என் மகளுடைய டிபன் பாக்ஸு அடியில ஒரு ஸ்டிக்கர் பொட்டு. வேற எதுவும் நான் பார்க்கல. பையன் இல்ல. ஓடிப்போகல. யாரும் அடைச்சு வெக்கல. வாய் கூசுதுன்னு நான் சொன்னதாலதான் இத்தனையும் வந்துச்சு. நீங்க எல்லாரும் நல்ல மனுஷின்னு என்னை நெனைக்கணும்னு என் புள்ளைய நான் வித்தேன். மன்னிச்சிடுங்க."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒரு வயசான சகோதரி, "பொட்டா?" என்றார். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஜெபக்குழு அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. போதகர் ஐயா அடுத்த சாட்சிக்கு அழைத்தார். ஒருவரும் எழவில்லை.

நான் முன்பாயில் மறுபடி உட்காரவில்லை. பின்னால் போய் வாசலோரம் உட்கார்ந்தேன். பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, என் மகள் படியிலிருந்து எழுந்து வந்து, வாசலுக்கு உள்ளே ஒரு அடி தள்ளி, என் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் மூச்சு என் முதுகில் தெரிந்தது. அன்று என்ன பிரசங்கம் என்று எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை.

அக்கா ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஜெபக்குழுவில் எனக்கு அழைப்பு நின்றது. சிலர் நான் சபையைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டேன் என்றார்கள். பென்னாகரம் வரை போன கதை முழுதாகத் திரும்பியும் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் தெரியாத சகோதரி ஒருவர் என் மகளைக் கூர்ந்து பார்த்து, "அந்தப் பையன விட்டுடுச்சா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். நம்பினாரா, தெரியாது.

அக்காவின் எதிர் வீட்டுப் பெண்ணும் என் மகளும் இப்போதும் போனில் பேசிக்கொள்கிறார்கள். அந்தச் செட்டு அதோடு உடைந்துவிட்டது. அல்லேலூயா என்ற பேர் மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை போகவில்லை. கூப்பிட்டால் "என்ன?" என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாளாம். செய்து காட்டச் சொன்னால் மட்டும், "அது எங்கம்மா. செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிடுவாளாம்.

மகள் இப்போது சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். அங்கே பொட்டு வைக்கிறாளா இல்லையா என்று நான் கேட்பதில்லை. லீவுக்கு வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஜெபிக்கிறோம், அவள் அவளுடைய வார்த்தையில், நான் என்னுடைய வார்த்தையில். அவளுக்காகப் பாரம் வந்தால் முதலில் அவளையே கூப்பிட்டு, "என்ன கண்ணு?" என்று கேட்கிறேன். பிறகுதான் முழங்கால்.

எழுதச் சொன்னபோது அவள் போட்ட நிபந்தனை இதுதான். "பொட்ட பொட்டுன்னே எழுதும்மா." அப்படியே எழுதியிருக்கிறேன். அவளும் படித்துப் பார்த்தாள். ஓரிடத்தில் நான் அவள் அழுததைக் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டாள்.

வாசிக்கிற உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ சபையிலோ வயசுப் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் கொடுங்கள். வாயால் சொல்வதானாலும் சொல்லுங்கள். ஆனால் உருக்கமாக இருக்கட்டும் என்று ஒரு கண்ணீரைக்கூடச் சேர்க்காதீர்கள். என்னைக் காப்பாற்ற நினைத்து எதையும் விடவும் வேண்டாம். டிபன் பாக்ஸின் அடியில் ஒரு பொட்டு இருந்தது. அரக்குக் கலர், நடுவில் ஒரு வெள்ளைக் கல். அது அந்த அளவிலேயே போய்ச் சேரட்டும்.